பதியாத கலியாணம்

தன்னாமுனை, மட்டக்களப்பு
12.09.2006

அன்னப்பூரணி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நாலு வருடமாக உன்னைக் கேளாமல் இருந்தவன் இன்றைக்குக் கேட்டால் நீயும் நம்பமாட்டாய். ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

முதலில் உன் வீடு. 'உன் வீடு' என்று எழுதும்போது கை கூசுகிறது. நியூ ஜேர்சியில் பாலங்களுக்குக் கீழே தொங்கிக்கொண்டு, துருப்பிடித்த இரும்பைத் தட்டிப் பார்த்துச் சம்பாதித்த பணத்தில் நான் கட்டிய வீடு. ஊர் வழக்கப்படி அம்மா அதை மகளுக்குச் சீதனமாக எழுதினா. மகனுக்கு என்ன, அவன் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான் என்பது வழக்கம். நீ அதைப் பூட்டிவிட்டு, நான் ஸ்பொன்சர் செய்த விசாவில் புருசனோடு அமெரிக்கா போனாய். இப்போது அதில் ஆமிக்காரர் இருக்கிறார்கள். மொட்டைமாடியில் மண்மூட்டை அடுக்கியிருக்கிறது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு வகையில் நியாயம்தான்.

இனிக் காரியம். என் மனைவி கண்ணகைக்கு இடது மார்பில் கட்டி. நீ அவளைக் கண்டதில்லை. நான் ஊருக்குத் திரும்பி வந்து, ஐம்பது வயதில், பனிச்சங்கேணிப் பெண்ணொருத்தியைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன் என்று கேள்விப்பட்டிருப்பாய். வாவிக்கரையில் அவளுடைய சீதன வீட்டில்தான் இருக்கிறோம். படுவான்கரையில் அவளுக்குக் கொஞ்சம் வயலும் உண்டு.

இங்கே ஆசுபத்திரியில் காட்டினோம். டொக்டர் வயது குறைந்தவர், நல்ல மனிதர். "ஐயா, எனக்கு இது பிடிக்கயில்ல. கொழும்புக்குக் கொண்டு போங்க. அங்க எல்லாம் இலவசம். பிந்தாதீங்க" என்றார்.

கொழும்பு! வெலிக்கந்தையிலும் மன்னம்பிட்டியிலும் ஆமிச் சோதனைச் சாவடிகளில் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏறி, அங்கே பொலிசில் பெயரைப் பதிந்து, லொட்ஜில் கிடந்து, கடைசியில் தருமத்துக்குக் கிடைக்கிற வார்ட்டில் அவளைப் படுக்க வைப்பதா? நான் அமெரிக்கப் பிரஜை. இருபத்து நாலு வருடம் என் சம்பளத்தில் வரியென்றும், வயது போன பிறகு பார்க்கும் வைத்தியத்துக்கென்றும் வெட்டினார்கள். வேலையை விட்டதும் இன்சூரன்ஸ் போயிற்று. அறுபத்தைந்தில் வரும் வைத்தியமும் அந்த நாட்டுக் கரைக்குள் மட்டுந்தானாம். வெளியே படுத்தவனுக்கு ஒரு மாத்திரையும் இல்லை. ஆனால் வரி மட்டும் கடல் தாண்டும். பூமியில் எந்த மூலையில் குடியிருந்தாலும் அமெரிக்கப் பிரஜை வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். நான் காட்டவில்லை. அவர்களுடைய றோட்டில் நான் நடப்பதில்லை, எதற்குக் காட்ட வேண்டும்? ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு கடதாசியும் நிரப்பவில்லை.

இப்போது தூதரகத்துக்குப் போன் எடுத்தால், மனைவியை அழைத்துப்போக மூன்று வருட வரிக் கணக்குக் கேட்கிறார்கள். அங்கே வருமானமுள்ள ஒருவர் அவளுக்குப் பொறுப்பு நின்று கையெழுத்து வைக்கவும் வேண்டுமாம். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? நான் உனக்குப் பொறுப்பு நின்றேன். நீ அவளுக்கு நில். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

யோகராசா


எடிசன், நியூ ஜேர்சி
08.10.2006

அன்புள்ள அண்ணன்,

கவரில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தால் வீட்டுக் கதை. காரியம் அடுத்த பந்தியில்தான் வருகிறது. உங்கள் மனைவிக்குக் கட்டி என்பதைக்கூட என் வீட்டு மொட்டைமாடியைத் தாண்டித்தான் எனக்குச் சொல்ல முடிந்திருக்கிறது.

அம்மா எழுதித் தந்ததற்கு நான் என்ன செய்ய? அத்திவாரம் போட்ட அன்று "இது தங்கச்சிட கலியாணத்துக்கு" என்று ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தான். எங்களை அமெரிக்காவுக்கு எடுத்ததும் நீங்கள்தான், இல்லையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையில் கைவைக்குமுன் அந்தக் கதையைச் சொல்லாமல் நீங்கள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அம்மாவின் செத்த வீட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், என் புருசனைப் பார்த்து "என்ட முதுகில ஏறி வந்தவன்" என்றீர்கள். அவர் அதை மறக்கவில்லை. நானும்தான்.

சரி. மச்சாளின் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கிளினிக்கில் பில் போடும் மேசையில் வேலை செய்கிறேன். இந்த நாட்டில் வருத்தக்காரரை முதலில் பார்ப்பது டொக்டர் இல்லை, நான்தான். அதனால் சொல்வதைக் கேளுங்கள்.

வரிக் கணக்கைப் பிந்தியும் அனுப்பலாம். அங்கே உங்களுக்கு இருக்கிற வருமானத்துக்குக் கட்ட ஒன்றும் வராது. ஆனால் அனுப்பாமல் விட்டால் நீங்கள் இல்லாத ஆள். பொறுப்பு நிற்க என் சம்பளம் மட்டும் காணாது. என் புருசன் கிருபைராசாவும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும். வைப்பாரா என்று எனக்குத் தெரியாது. இது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மச்சாள் நாளைக்கே இங்கே வந்து இறங்கினாலும் அவவுக்கு வைத்தியம் இல்லை. புதிதாக வந்தவருக்கு ஐந்து வருடம் அரசாங்க உதவி கிடையாது. இன்சூரன்ஸ் கொம்பனி கேட்கும் முதல் கேள்வி, இந்த வருத்தம் முன்பே இருந்ததா என்பது. ஓம் என்றால் போனை வைத்துவிடுவார்கள். நீங்கள் முன்னால் வந்து, வேலை எடுத்து, வேலையிடத்து இன்சூரன்சில் அவவைச் சேர்க்கலாம். அதிலும் பழைய வருத்தத்துக்கு ஒரு வருடம் பொறுக்கச் சொல்லலாம். கட்டி ஒரு வருடம் பொறுக்குமா?

அந்த டொக்டர் சொன்னதைச் செய்யுங்கள். கொழும்புக்குக் கொண்டு போங்கள். இங்கே வீட்டை விற்றுச் செய்கிற வைத்தியத்தை அங்கே சும்மா தருகிறார்கள். தருமம் என்று நினைத்தால் தருமம்தான்.

கலியாணப் பதிவின் பிரதி ஒன்று அனுப்புங்கள். எதற்கும் இங்கே விசாரித்து வைக்கிறேன்.

அன்னம்


தன்னாமுனை
03.12.2006

அன்னப்பூரணி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பில் மேசையில் இருந்து நன்றாகத்தான் படித்திருக்கிறாய்.

கலியாணப் பதிவு கேட்டாய். பதியவில்லை. ஏன் என்று நீ கேட்குமுன் சொல்கிறேன். பதிந்தால் அவள் அமெரிக்கப் பிரஜையின் மனைவி. பிறகு அவளுடைய வீடும் வயலும் என் வரிக் கணக்கில் ஏறும். ஒரு வீட்டை ஊர் வழக்கம் என்னிடமிருந்து எடுத்துவிட்டது. இன்னொன்றை வாஷிங்டனுக்குக் காட்டிக்கொடுக்க நான் மடையனில்லை. தாலி போதும் என்று விட்டேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் தாலியோடும் கோயிலோடும்தான் குடும்பம் நடத்துகிறார்கள். யாரும் குறைந்துபோகவில்லை.

கண்ணகையிடம் இதைச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, அப்ப அமெரிக்காக் கணக்கில நான் உங்களுக்கு ஆரு?"

"எழுத்தில ஒருத்தருமில்ல."

"நல்லாப் போச்சு. மறுகா நீங்க சண்டைக்கு வந்தா வெளிய போகச் சொல்லுவன். வீடு என்ட."

அவள் சிரித்தாள். இடது கையை முழுக்க உயர்த்த முடியவில்லை. உயர்த்துவதுபோலப் பாவனை செய்து சட்டியை எடுத்தாள்.

வரிக் கடதாசிகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து மேசையில் விரித்திருக்கிறேன். வயலில் என்ன விளைந்தது என்று எழுதப் பார்த்தேன். ஒரு போகம் விளைந்தது. அடுத்ததை யானை தின்றது. அதற்கடுத்ததில் ஷெல் விழுந்தது. யானைக்கும் ஷெல்லுக்கும் அந்தக் கடதாசியில் இடமில்லை.

இதற்கிடையில் பனிச்சங்கேணி முழுக்க இடம்பெயர்ந்துவிட்டது. கண்ணகையின் தாய் இலட்சுமிப்பிள்ளை காட்டுக்குள்ளால் நடந்து, வள்ளத்தில் வந்து, வாழைச்சேனையில் கரையேறியிருக்கிறா. ஒரு காதில் கேட்பதில்லை. மருமகன் அமெரிக்கன் என்பதால் இந்த வீட்டில் ஷெல் விழாது என்று நினைக்கிறா. தினமும் என்னிடம் கேட்கிறா: "மருமகன், புள்ளட அமெரிக்காக் காரியம் சரிவந்திட்டா?" நான் பிறகு சொல்கிறேன் என்கிறேன்.

ஏறாவூர் ஹமீட்டை உனக்கு ஞாபகமிருக்கும். என்னோடு படித்தவன். இப்போது கொழும்புக்கு அரிசி லொறி ஓட்டுகிறான். போன கிழமை வந்து முற்றத்தில் நின்று கத்தினான். "டேய், படிச்ச மனிசன்டா நீ! என்ட லொறில ஏத்திவிடு, நான் கொண்டு போய்க் காட்டிட்டு வாறன். உனக்கு அமெரிக்கா வேணுமெண்டா நீ போய் இரி. அந்தப் புள்ளைய ஏன்டா வெச்சிக்கிட்டு இருக்காய்?" அவனுக்கு என்ன தெரியும்? அமெரிக்க ஆசுபத்திரியை அவன் கண்டானா?

நான் முன்னால் வந்து வேலை தேட வேண்டும் என்கிறாய். ஐம்பத்து நாலு வயதில் மறுபடி பாலத்துக்குக் கீழே? அவளை இங்கே இப்படி விட்டுவிட்டு? அவளைக் காப்பாற்ற அவளைக் கைவிட வேண்டும் என்று சட்டம் எழுதியவனை எனக்குக் காண வேண்டும்.

உன் புருசனிடம் நான் கேட்கமாட்டேன். நீ கேள்.

யோகராசா


எடிசன்
28.12.2006

அண்ணன்,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி வாசித்தேன். இவர் வந்து "ஆரு செத்த?" என்று கேட்டார்.

யாரோ ஒருவர் தன்னாமுனையில் வீடு வைத்திருக்கிறார் என்பதற்காக அமெரிக்கா வரி கேட்பதில்லை. மனைவியின் வீட்டுக்கும் கேட்பதில்லை. நீங்கள் கோயில் ஐயரோடு பதிவுகாரரையும் கூப்பிட்டிருந்தாலும் அந்த வீட்டில் ஒரு ஓடு குறைந்திருக்காது. இங்கே இருபத்து நாலு வருடம் இருந்த எஞ்சினியர் நீங்கள். யாரிடமாவது ஒரு சொல் கேட்டிருக்கலாமே! கேட்கமாட்டீர்கள். கேட்டால் உங்களுக்குத் தெரியாது என்றாகிவிடும்.

வயலை விடுங்கள். அது மச்சாளின் வயல். பாங்கிலிருந்து உங்களுக்கு வரும் வட்டிப் பணத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். உடனே பதியுங்கள். நாளைக்கே.

கிருபைராசாவிடம் கேட்டேன். அவர் ரீவியை நிற்பாட்டவில்லை. அதைப் பார்த்தபடியே சொன்னார்: "கையெழுத்து வைக்கலாம். உன்ட கொண்ணன் எனக்கு எழுதட்டும். உனக்கில்ல, எனக்கு. மச்சான் எண்டு போட்டு எழுதட்டும்." அவ்வளவுதான். பெரிய விலையில்லை அண்ணன். ஒரு சொல்.

மச்சாளைக் கொழும்பில் காட்டினீர்களா? அந்தக் கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் தேடினேன். கையை உயர்த்த முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் கமக்கட்டுக்குப் பரவி நெறி கட்டியிருக்கும். எங்கள் மேசைக்கு வருகிற பெண்களிடம் நான் இதைக் கேட்டுக்கேட்டு எழுதியிருக்கிறேன். லொறியில் ஏற்றுங்கள்.

அன்னம்


தன்னாமுனை
25.02.2007

அன்னப்பூரணி,

பதிந்தாயிற்று. பதிவுகாரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் என்ன செய்தீங்க ஐயா?"

"குடும்பம் நடத்தினோம்."

"எப்ப கலியாணம்?"

"நாலு வருசத்துக்கு முந்தி. அந்தத் திகதியைப் போடுங்கோ."

"அது கோயிலுக்கு. எனக்கு இண்டைக்குத்தான்."

கண்ணகை பச்சைச் சேலை உடுத்திருந்தாள். நெற்றியில் வியர்வை. கையெழுத்து வைத்துவிட்டு என் காதோடு, "இனி வெளிய போகச் சொல்ல ஏலாதா?" என்றாள்.

அதன் பிறகு ஹமீட்டின் லொறியில் கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் எல்லாக் கடதாசிகளையும் கொடுத்தேன். பிந்திய வரிக் கணக்கு, பதிவு, படங்கள் இல்லை என்று ஒரு சத்தியக் கடதாசி. கலியாணப் படங்கள் கல்லடியில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தன. கழுவி எடுக்க நான் போகவில்லை, சுனாமி போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்பிள்ளைக்கு உன் மகளின் வயதிருக்கும். மருத்துவக் கடதாசியையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நோய் தெரிந்தது செப்டம்பரில். கலியாணம் பெப்ரவரியில். நோய் தெரிந்த பிறகா இவரைக் கலியாணம் செய்தீர்கள்?"

கோயிலில் கட்டியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.

"நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"மட்டக்களப்பில்."

"அமெரிக்காவில் குடியிருக்கும் பிரஜைதான் பொறுப்பு நிற்கலாம். அங்கே உங்களுக்கு வீடு இருக்கிறதா? வேலை?"

"எனக்கு அங்கே தங்கை இருக்கிறாள்" என்றேன். உன்னை நான் அப்படிச் சொல்லிப் பல காலம். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் இருபத்து நாலு வருட வரிக்குப் பிறகு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நான் யாரோ ஒரு ஏமாற்றுக்காரன்.

உன் புருசனுக்கு எழுதிய கடிதத்தை இதனுள் வைத்திருக்கிறேன். மச்சான் என்று போட்டிருக்கிறேன்.

யோகராசா


எடிசன்
20.03.2007

அண்ணன்,

கொழும்புக்குப் போயிருக்கிறீர்கள். லொறியில் இடம் இருந்திருக்கிறது. மச்சாளை வீட்டில் விட்டுவிட்டு, ஆசுபத்திரி இருக்கிற ஊருக்குப் போய், வரிக் கடதாசியைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். நான் வேறென்ன எழுத?

இவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை இவர் எனக்கு உரத்து வாசித்துக் காட்டினார். "மச்சான், நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்ய இப்போது ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது." கடதாசியை மடித்து என் கையில் தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நீங்கள் அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அமெரிக்காவையும் விடுங்கள். அவவைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

அன்னம்


தன்னாமுனை
14.06.2007

அன்னம்,

ஏப்ரலில் கூட்டிக்கொண்டு போனேன். நீ சொன்னதற்காக அல்ல. அவளால் இரவில் படுக்க முடியவில்லை. ஹமீட் முன் சீற்றில் தலையணை போட்டுத் தந்தான். வெலிக்கந்தையில் ஆமிக்காரன் லொறியைத் தட்டியபோது, "என்ட தங்கச்சி, வருத்தம்" என்று சிங்களத்தில் சொன்னான். இறக்காமல் விட்டார்கள். இத்தனை மாதமும் நான் பயந்த சோதனை அவ்வளவுதான்.

கொழும்பில் மார்பை எடுத்தார்கள். நல்லபடியாகத்தான் செய்தார்கள். நான் நினைத்த மாதிரிப் பாயில் போடவில்லை. கட்டில் இருந்தது, வெள்ளைத் துணி விரித்திருந்தது. பெரிய டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசினார். எலும்புக்குப் போய்விட்டது, கதிர்வீச்சு வைத்தால் நோவும் குறையும், கொஞ்சக் காலமும் கிடைக்கும் என்றார். முந்தி வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார் என்று தெரிந்தது.

கதிர் வைக்கத் தினமும் போக வேண்டும். லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்தோம். மட்டக்களப்புச் சனம் நிறையப் பேர் இருந்தார்கள். கண்ணகைக்குக் கொஞ்சம் நோவு குறைந்தது. ஒருநாள் கடற்கரைக்குப் போய்க் கடலை வாங்கித் தின்றோம். "இதுவும் கடல்தானே. இதுக்கு அங்கால உங்கட அமெரிக்கா எண்டு வெச்சுக்கொள்ளுவம்" என்றாள்.

போன கிழமை, விடிகிற நேரம் பொலிசார் வந்தார்கள். லொட்ஜிலிருந்த தமிழரெல்லாம் உடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். வெளியே பஸ் நின்றது. தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் இருக்கக் கூடாதாம், ஊருக்கு அனுப்புகிறார்களாம். நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்து, முகத்தை மாற்றிக்கொண்டு, "சேர் இருக்கலாம்" என்றான். "இது என் மனைவி. ஒரு அமெரிக்கப் பிரஜையின் மனைவி. கதிர் வைத்தியத்தில் இருக்கிறா" என்றேன். கிளினிக் புத்தகத்தைக் காட்டினேன். கலியாணப் பதிவைக் காட்டினேன். அவன் அதை வாசித்துவிட்டுச் சிரித்தான். "பெப்ரவரியா? புது மாப்பிள்ளையா சேர்?"

தூதரகத்துக்குப் போன் எடுக்கிறேன், பஸ்சை நிற்பாட்டுங்கள் என்றேன். சரி, எடுங்கள் என்றான். லொட்ஜ் முதலாளியின் மேசையில் போன் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகம் திறக்கும் நேரத்தைப் பதிவுக் குரல் ஒன்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னது. நான் மறுபடி எடுத்தேன். மறுபடியும். யாராவது ஒருவர் எடுப்பார், இத்தனை வருடத்துக்கு ஒரு தரமாவது எடுப்பார் என்று நின்றேன். வாசலுக்கு ஓடி வந்தபோது பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலில் அவள் முகம். கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னாள். வலது கையால்.

பஸ்சில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் பிறகு சொன்னாள், வழி முழுக்கக் கண்ணகை எல்லாருக்கும் பகிடி விட்டுக்கொண்டு வந்தாளாம். "என்ட மனிசனுக்கு இருக்கலாமாம், எனக்கு ஒண்ணாதாம். நல்லம். வீட்ட போய் நிம்மதியாப் படுக்கப் போறன்." மன்னம்பிட்டிக்கு அப்பால் பேச்சை நிறுத்திவிட்டாள் என்றும் சொன்னாள். றோட்டு அங்கே மோசம்.

அடுத்த நாள் நீதிமன்றத்தில் தடை வந்தது, எல்லாரும் திரும்பிப் போகலாம் என்றார்கள். கதிர் வைத்தியத்தைத் தொடரலாம். நான் ஊருக்கு வந்து கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மறுகா அந்த ஊருக்கு நான் வரமாட்டன். நீங்க போங்க. உங்களுக்கு இருக்கலாம்தானே."

ஹமீட் பார்க்க வந்தான். என்னோடு பேசாமல் அவளோடு பேசிவிட்டுப் போனான்.

அண்ணன்


எடிசன்
06.07.2007

என் அண்ணன்,

உங்கள் கடிதத்தை இவர்தான் முதலில் வாசித்தார். நான் வேலையால் வர, மேசையில் கடிதம், பக்கத்தில் இவருடைய வரிக் கடதாசி, சம்பளத் துண்டு, கையெழுத்து வைத்த பொறுப்புப் பத்திரம். நீங்கள் எழுதிய முந்தின கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மச்சான் போனில நிண்ட கதையை என்னால வாசிக்க ஏலாமப் போச்சு" என்றார். எங்கள் முகவரியையே நீங்கள் குடியிருக்கும் இடமாகப் போட்டு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார். மேல் அறையைக் காலி பண்ணுகிறார். எல்லாவற்றையும் நேற்று தூதரகத்துக்கு அனுப்பியாயிற்று.

இன்னும் இருக்கிறது. எங்கள் கிளினிக் டொக்டரம்மாவிடம் அழுதேவிட்டேன். அவவுக்குத் தெரிந்த ஆசுபத்திரி ஒன்றில், இன்சூரன்ஸ் இல்லாத பெண்களைப் பார்ப்பதற்கு ஒரு நிதி வைத்திருக்கிறார்களாம். எவ்வளவு காலமாக நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லையாம். இத்தனை வருடம் அந்த மேசையில் இருந்தும் எனக்கு இது தெரியாது, யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. அவ தானே போன் எடுத்துப் பேசினா. வந்தால் எடுப்பார்கள் அண்ணன். எடுப்பார்கள்!

மச்சாள், இது உங்களுக்கு. அண்ணன் வாசித்துக் காட்டுவார். நான் உங்களைக் கண்டதில்லை, உங்கள் பகிடிகளைத்தான் கடிதத்தில் கேட்டிருக்கிறேன். இங்கே குளிர் வருமுன் வாருங்கள். மேல் அறை ஜன்னலால் பார்த்தால் மேப்பிள் மரம் ஒன்று தெரியும். மீன் நான் வெட்டுகிறேன், நீங்கள் இருந்து குறை சொல்லுங்கள்.

உங்கள் அன்னம்


தன்னாமுனை
02.08.2007

அன்னம்,

கண்ணகை போய்விட்டாள். போன மாதம் இருபத்தைந்தாம் திகதி, பகலில், தாயின் மடியில் தலை வைத்தபடி. நான் பக்கத்தில்தான் இருந்தேன். நோவுக்கு இங்கே கிடைத்ததெல்லாம் கொடுத்தோம். அது போதவில்லை. அதைப் பற்றி நான் யாருக்கும் எழுதப்போவதில்லை.

உன் கடிதம் எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு அன்று வந்தது. முற்றம் நிறையச் சனம். பனிச்சங்கேணிச் சனம் முகாம்களிலிருந்து வந்திருந்தார்கள். ஹமீட் வெளியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். தபால்காரர் வாசலில் தயங்கி நின்று என் கையில் தந்தார். அமெரிக்க முத்திரையைக் கண்டதும் சனம் எழும்பிக் கிட்ட வந்துவிட்டது. நான் உள்ளே கொண்டு போய்த் திறந்திருக்கலாம். அங்கேயே நின்று திறந்தேன்.

மாமி பக்கத்தில் வந்து நின்றா. "என்ன மருமகன், ஆரு போட்ட?" என்றா. தங்கச்சி என்றேன். "வாசியுங்களன்" என்றா. கேட்காத காதுக்காக உரத்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. மச்சானின் கையெழுத்தை வாசித்தேன். மேல் அறையை வாசித்தேன். ஆசுபத்திரியை வாசித்தேன். கண்ணகைக்கு நீ எழுதியதையும் விடாமல் வாசித்தேன். ஹமீட் எழும்பி வேலிப் பக்கம் போய்விட்டான்.

அமெரிக்காவைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அங்கே ஒரு ஆசுபத்திரியாவது கடைசியில் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறது. அதை நான் என்ன செய்ய என்று தெரியவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆளும் மிஞ்சவில்லை. உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மச்சானுக்கும். எழுதப் பழக்கமில்லாத சொல், அதனால் எழுதாமல் விடுகிறேன் என்று நினைக்காதே.

வாசித்து முடித்ததும் மாமி என் கையைப் பிடித்தா.

"அப்ப, புள்ளட காரியம் சரிவந்திட்டா?"

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் மாமி. சரிவந்திட்டு" என்றேன்.

அவ முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய், முற்றத்தில் இருந்த பெண்களிடம் ஒருவர் விடாமல் குனிந்து குனிந்து அதைச் சொன்னா.

அண்ணன்